இன்ஷிராஹ் இறக்கிய வனிலா

நோன்பின் கடைசிப் பத்து நாளில் அலெக்ஸாந்திரியாவில் எங்கள் பஹரி பக்கம் வந்தால், எந்த வீட்டில் கஹ்க் என்கிற பெருநாள் நெய் பிஸ்கட் சுடுகிறார்கள் என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடலாம். மற்ற நாளெல்லாம் மீன் கவிச்சி அடிக்கிற தெருதான் அது. பெருநாள் நெருங்கிவிட்டால் பெண்கள் கஹ்க் அடுக்கிய தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு பேக்கரி அடுப்புக்கு வரிசையில் நிற்பார்கள். நெய்யும் மாவும் எந்த ஊரிலும் மணக்கும். அதற்கு மேலே இன்னொரு மணம் மிதந்து வருமே, அது ஃபிக்ரி கடை வனிலா.

கடை என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் சேர்ந்தாற்போல் உள்ளே நின்றால் நாலாவது ஆள் தும்ம முடியாது. வனிலாப் பொடி, கஹ்க் மசாலா, மாவு பொங்க வைக்கிற உப்பு எல்லாம் தகர டப்பாக்களில் இருக்கும். ஃபிக்ரி டப்பாவைத் திறப்பான், மூக்கை உள்ளே விடுவான், ஒரு கணம் கண்ணை மூடுவான், பிறகுதான் காகிதத்தில் மடித்துக் கொடுப்பான். அவன் மோந்து பார்க்காத பொட்டலத்தை எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் கையால் தொடமாட்டாள். அவன் மூக்கும் லேசுப்பட்ட மூக்கல்ல, ஆளுக்கு முன்னால் அதுதான் தெரு திரும்பும்.

நான் அலெக்ஸாந்திரியா துறைமுகத்தில் க்ளியரிங் ஏஜென்ட். கப்பலில் வருகிற சரக்குக்கும் அதை வெளியே விட மனசில்லாத அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற தொழில். நோன்புக்கு இரண்டு மாசம் இருக்கும்போது ஒரு நாள் ஃபிக்ரியின் மனைவி இன்ஷிராஹ் என் ஆபீஸுக்கு வந்தாள். கூடவே ஃபிக்ரியின் அக்கா தவ்ஹீதா. அந்த அம்மாள் துணைக்கு வந்தாளா, காவலுக்கு வந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உஸ்தாஸ் ஹில்மி, ஒரு சரக்கு இறக்கணும்" என்றாள் இன்ஷிராஹ். எங்கள் ஊரில் உஸ்தாஸ் என்றால் ஐயா.

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஏன், பொம்பளைக்குக் கப்பல் வராதா?"

"வரும் வரும். என்ன சரக்கு?"

கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற வழவழப்பான பாக்கெட், கிரேக்க எழுத்து. வனிலாப் பொடி. தெருவிலிருந்து கப்பல் வேலைக்குப் போன பையன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்ததாம்.

"உம்மு நாஹித், ஃபிக்ரிக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன். நாஹித் அவள் மகள், நாஹிதின் அம்மா என்றுதான் அவளைத் தெருவில் கூப்பிடுவோம். அவள் தவ்ஹீதாவைப் பார்த்தாள்.

"அக்கா, கீழ போய் நம்ம வண்டிக்காரன் நிக்கறானான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன்."

"வண்டிக்காரன் எங்க போகப்போறான்? காசு வாங்காம" என்றாள் தவ்ஹீதா. ஆனாலும் எழுந்து போனாள்.

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிய பிறகுதான் இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள்.

"போன பெருநாளைக்கு எங்க தெருவுல யாரு வீட்டு கஹ்க்கும் நல்லா இல்ல. உங்க வீட்லயும்தான். இல்லன்னு சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டு கஹ்க் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி நாறியது. என் மனைவி ஒன்றைக் கடித்தாள், என்னைப் பார்த்தாள், டப்பாவை மூடிப் பரண்மேல் வைத்தாள். அத்தோடு சரி. ஃபிக்ரியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவே அதைத் தின்றுவிட்டு, பெருநாள் வாழ்த்துச் சொல்லி அவனைக் கட்டிப்பிடித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"மொத்த வியாபாரி எதையோ கலந்து குடுத்திருக்கான்" என்றாள் அவள். "அதைவிடுங்க. என் வீட்டு கஹ்க்கை வாயில வச்சதும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. அவரும் ஒண்ணை எடுத்துக் கடிச்சாரு. ருசிச்சுத் திங்கறாரு. 'என்ன வாசனை இது, அபூ நாஹித்?'னு கேட்டேன். 'வனிலா, வேற என்ன'ன்னாரு. அப்பதான் உஸ்தாஸ் எனக்குத் தெரிஞ்சுச்சு. அந்தக் காய்ச்சல்ல இவருக்கு மூக்கு போயிருச்சு. என்கிட்டக்கூடச் சொல்லாம மனுஷன் அத்தனை மாசமும் டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பாத்து நடிச்சிருக்காரு. என் மூஞ்சியைப் பாத்ததும் சரக்கு கெட்டதுன்னு அவருக்கும் புரிஞ்சிருச்சு."

உலகமே முகமூடி போட்டுத் திரிந்த வருஷத்துக் காய்ச்சல் அது. எங்களில் பல பேருக்கு மூக்கு போய்த் திரும்பி வந்தது. ஃபிக்ரிக்குத் திரும்பவில்லை. பெருநாள் முடிந்ததும் கடையை மூடியவன்தான், திறக்கவே இல்லை. எல்லோரும் முகமூடியைக் கழற்றிப் போட்ட பிறகும் அவன் மட்டும் கழற்றாமல் நடமாடினான். நெஞ்சு சளி என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். தமன்ஹூரில் கட்டிக்கொடுத்த மகள் நாஹித், அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பெருநாள் முடிந்ததும் கடைச் சாவியை ஒரு செல்போன் கடைக்காரனுக்குக் கொடுப்பதாகப் பேச்சும் முடிந்திருந்தது.

"பெருநாளைக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அந்தக் கதவு திறக்கணும்" என்றாள் இன்ஷிராஹ். "திறந்துட்டா அப்புறம் மூடமாட்டாரு. அவரை எனக்குத் தெரியும். இது சீல் வச்ச பாக்கெட். மூக்கு இருக்கறவனாலயும் இதை மோந்து பாக்க முடியாது. இவரு எடுத்துக் குடுத்தாப் போதும். தலை குனிய வேண்டியதில்ல."

மனசு இளகியதை மறைக்கத்தான் கோபமாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

"அம்மா, இது செருப்பு இல்ல, இறக்கினோம் வித்தோம்னு போறதுக்கு. வாயில போடற சாமான். என்ன கலந்திருக்குன்னு கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கணும். சாராயம் ஒரு சொட்டுக்கூட இல்லைன்னு தனியா ஒரு சான்றிதழ். செஞ்ச தேதி, கெடற தேதி ரெண்டும் பாக்கெட் மேலயே அச்சடிச்சிருக்கணும். இங்க வந்து சேரும்போது ஆயுசுல பாதியாவது மிச்சம் இருக்கணும். அப்புறம் எல்லாத்தையும் அரபியில லேபிள் அடிச்சு ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒட்டணும். அதையும் துறைமுகக் கொட்டகைக்குள்ளயே ஒட்டணும். அதுக்கப்புறம் உணவு ஆய்வாளர் வந்து பாத்து, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி..."

"ஒட்டிருவோம். எங்களுக்கென்ன கை இல்லையா?" என்றபடி தவ்ஹீதா வந்து உட்கார்ந்தாள். "அந்தப் பசை எதுல செய்றது?"

"எலும்புல காய்ச்சறதா இருக்கும்."

"எந்த எலும்பு?"

"அக்கா, எலும்பு என்ன பேர் சொல்லிக்கிட்டா வருது?"

"அப்ப அது வேணாம். நம்ம மார்க்கத்துக்கு ஆகாத எலும்பா இருந்தா? நான் வீட்ல மாவுப் பசை காய்ச்சிக் கொண்டாரேன். லேபிளைச் சும்மா காகிதத்துல அடிக்கச் சொல்லுங்க."

பின்னால் ஒட்டுப் பசையுள்ள லேபிள்தான் வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். தவ்ஹீதாவிடம் வழக்கம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் கிடையாது.

சரக்கு நோன்பின் நடுவில் வந்து சேர்ந்தது. அன்றைக்கென்று பார்த்து கம்சீன் காற்று. பாலைவனத்து மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கடலில் கொட்டியது. வானம் மஞ்சளாகக் கிடந்தது, எதிரே நிற்கிற கப்பல் தெரியவில்லை. கொட்டகையின் தகரக் கூரை சூடேறிக் கிடந்தது. தண்ணீர் குடிக்க முடியாத வாயில் மண் நறநறவென்றது. இன்ஷிராஹ், தவ்ஹீதா, பக்கத்து வீட்டு சப்ரியா, இன்னும் தெருப் பெண்கள் சிலர், பாயை விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் பசைச் சட்டி. ஒருத்தி லேபிளில் பசை தடவ, ஒருத்தி ஒட்ட, ஒருத்தி துணியால் ஒற்றி அட்டைப்பெட்டியில் அடுக்க, வேலை ஓடியது. வாயும் ஓடியது.

"இந்தப் பசைய மோந்தா பசிக்குது" என்றாள் சப்ரியா.

"மோக்காதே. நோன்புல பாதி போயிரும்."

"பாதி நோன்புன்னு ஒண்ணு இருக்கா அக்கா? இருந்தா எனக்குத் தினமும் மத்தியானம் வரைக்கும் அதைக் குடுங்க."

இன்ஷிராஹ் தன் புருஷனைச் சாமர்த்தியமாக வரவழைத்திருந்தாள். பெட்டி தூக்க ஆள் இல்லை என்று செய்தி அனுப்பினாள். வேண்டாவெறுப்பாக வந்து, முகமூடியோடு கொட்டகை வாசலில் நின்றான் ஃபிக்ரி. இரண்டு பெட்டி தூக்கி வைத்தான். பெண்கள் ஒட்டுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குப் பொறுக்கவில்லை.

"கோணலா ஒட்டறியே சப்ரியா. தள்ளு இப்படி."

உட்கார்ந்துவிட்டான். முப்பது வருஷம் பொட்டலம் மடித்த கை அல்லவா, சும்மாவா இருக்கும்? பெண்கள் ஒன்று ஒட்டுவதற்குள் அவன் மூன்று ஒட்டினான். இன்ஷிராஹ் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவானோ என்று பயம். இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் காகிதத்தில் முத்திரை வாங்கப் போனேன். போயிருக்கக் கூடாது. நான் போன பிறகு நடந்ததை சப்ரியா பின்னால் சொன்னாள்.

ஃபிக்ரி ஒரு பாக்கெட்டைத் திருப்பினவன் அப்படியே நிறுத்திவிட்டானாம். பின்பக்கத்தில் ஒரு படம். தட்டில் கேக் துண்டு, பக்கத்தில் நீளக் காம்பு வைத்த கண்ணாடி கிளாஸ், அதில் பாதிவரை சிவப்பாக.

"இதென்ன இது?"

தவ்ஹீதா எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். "அல்லாஹ் காப்பாத்தணும். திராட்சைச் சாராயம்டா அது."

"நோன்பு மாசத்துல, நம்ம தெருப் பொம்பளைங்க கையில, என் கடையிலிருந்து இதையா எடுத்துக் குடுக்கறது? ஏற்கெனவே ஒரு தடவை குடுத்தது போதாதா?" என்றான் ஃபிக்ரி. கிளாஸ்மேல் ஒரு லேபிளை வைத்துப் பார்த்தான். "லேபிளை முன்பக்கம் ஒட்ட வேணாம். இந்த கிளாஸ் மேலயே ஒட்டுங்க. ஒட்டினதையும் எடுத்து மாத்துங்க."

இன்ஷிராஹுக்கு அதில் 'என் கடை' என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. ஒரு வருஷமாக அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. கிளாஸ் காம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக அச்சடித்திருந்த தேதிகளை யார் கவனித்தார்கள்? சாயங்காலத்துக்குள் அத்தனை பாக்கெட்டிலும் கிளாஸ் மறைந்துபோனது. கோணல் இல்லாமல், அத்தனை சுத்தமாக ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். டாக்டர் ஷாஹிரா. அந்த அம்மாளை எங்கள் ஏஜென்ட்டுகள் எல்லோருக்கும் தெரியும். லஞ்சம் கிடையாது, சிரிப்பும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பாக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினார். இன்னொன்று. வேறு பெட்டியிலிருந்து இன்னொன்று.

"உஸ்தாஸ் ஹில்மி, தேதி எங்க?"

"லேபிள்ல இருக்கே டாக்டரம்மா."

"லேபிள் நீங்க அடிச்சது. கம்பெனிக்காரன் அடிச்ச தேதி எங்க?"

நான் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கம்பெனிக்காரன் தேதி அடித்த இடத்தில்தான் எங்கள் லேபிள் உட்கார்ந்திருந்தது. பழைய தேதியை மறைத்துப் புதுத் தேதி ஒட்டுகிற திருட்டுப் பயல்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டமே இருக்கிறது. எங்கள் சரக்கு அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது.

"ஒட்டினவங்களுக்குத் தெரியாம..." என்று இழுத்தேன்.

"ஒண்ணு ரெண்டுன்னா தெரியாம. எல்லாத்துலயும் ஒரே இடத்துல, அளவெடுத்த மாதிரி. தேதியை மறைச்ச சரக்குன்னுதான் நான் எழுதியாகணும். குழு உக்காந்து முடிவு பண்ணும்."

"குழு எப்ப உக்காரும்?"

"பெருநாளைக்கு அப்புறம்."

பெருநாளைக்கு அப்புறம் சாவி கைமாறிவிடும். இன்ஷிராஹ் எழுந்து நின்றாள். அவள் நிறம் கொட்டகைச் சுவர்போல ஆகியிருந்தது.

"நான்தான் டாக்டரம்மா அங்க ஒட்டச் சொன்னேன். நான் படிக்காதவ. இவங்க யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. எனக்கு என்ன தண்டனையோ குடுங்க, சரக்கை விட்டுருங்க."

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஃபிக்ரி வந்தான். முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அந்த மூக்கை நான் பார்த்தேன்.

"பொய் சொல்றா. நான்தான் சொன்னேன். தேதியை மறைக்கல டாக்டரம்மா. கிளாஸைத்தான் மறைச்சேன்."

"எந்த கிளாஸ்?"

இன்ஷிராஹ் கைப்பையிலிருந்த, லேபிள் ஒட்டாத பாக்கெட்டை எடுத்துக் காட்டினான். அவர் பார்த்தார்.

"இந்தப் படம் இருக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லையே. தேதி மறையக் கூடாதுன்னுதான் இருக்கு."

"சட்டத்துல இல்ல. எங்க தெருவுல இருக்கு" என்றான் ஃபிக்ரி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு மூக்கு போயிருச்சு டாக்டரம்மா. வனிலா விக்கறவன் நான், மூக்கு இல்ல. அதை மறைச்சுப் போன பெருநாளைக்கு என் தெருவுக்கே விஷம் மாதிரி ஒண்ணைக் குடுத்தேன். தெரிஞ்சும் யாரும் ஒண்ணும் கேக்கல. இந்தத் தடவையாவது அவங்க மனசு கோணாத மாதிரி ஒண்ணைக் குடுக்கணும்னு நினைச்சேன். அதுலயும் இப்படி ஆகிப்போச்சு."

தவ்ஹீதா தம்பியையே பார்த்தாள். கூடப்பிறந்தவளுக்கே அப்போதுதான் தெரியும்.

"டேய், என்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?" என்றாள் மெதுவாக. "என் வீட்டுக் கருவாட்டை நல்லா இருக்குன்னு நீ சாப்பிட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."

சப்ரியா சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். டாக்டர் ஷாஹிரா சிரிக்கவில்லை. பாக்கெட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்ன பசை?"

"மாவுப் பசை" என்றாள் தவ்ஹீதா. "என் வீட்டு மாவு, என் வீட்டுத் தண்ணி. சந்தேகம்னா நோன்பு திறந்தப்புறம் நக்கிப் பாருங்க."

டாக்டர் ஷாஹிராவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்புதான் என்று நான் சத்தியம் செய்யத் தயார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து லேபிள்மேல் வைத்தார். சற்றுப் பொறுத்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினார். காகிதம் முழுசாக எழுந்து வந்தது. கீழே கிளாஸும் காம்பும், புள்ளிப் புள்ளியாகத் தேதியும் அப்படியே இருந்தன. தேதிமேல் விரலை வைத்து லேசாகத் தேய்த்தார். ஒரு எண் கரைந்து போயிற்று.

"பாத்தீங்களா? தேய்ச்சாப் போயிரும். ஒத்தித்தான் எடுக்கணும்" என்றார். "தேதி படிக்கற மாதிரி இருக்கற பாக்கெட்டைத்தான் நான் பாஸ் பண்ணுவேன். அழிஞ்சதைக் கொளுத்திருவேன், எவ்வளவு அழுதாலும். இன்னைக்கு நான் கிளம்பறதுக்குள்ள எடுத்துக் காட்டினா, இன்னைய ஆய்வுலயே திருத்தினதா எழுதிக்கறேன். குழுவுக்குப் போகாது."

"எப்பக் கிளம்புவீங்க?" என்று கேட்டேன். நோன்பு மாசத்தில் அவருடைய ஆபீஸ் மத்தியானத்தோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

"அது என் பாடு. நீங்க வேலையைப் பாருங்க" என்றவர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

எலும்புப் பசையாக இருந்திருந்தால் லேபிளோடு தேதியும் கிழிந்திருக்கும். ஒருத்தன் பக்தி கெடுத்ததை இன்னொருத்தி பக்தி காப்பாற்றிவிட்டது. இதைத் தவ்ஹீதாவிடம் நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

பெண்கள் முக்காட்டு ஓரங்களைக் கிழித்தார்கள், நனைத்தார்கள், ஒற்றினார்கள். முதல் நாள் இருந்த பேச்சு இல்லை. ஃபிக்ரிதான் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, மூலையை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். கஷ்டமான பாக்கெட்டெல்லாம் அவன் கைக்குப் போயிற்று. சில பாக்கெட்டில் தேதி கரைந்தது. ஒவ்வொன்று கரையும்போதும் இன்ஷிராஹ் தன் பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி உச்சுக் கொட்டினாள். டாக்டர் ஷாஹிரா அவற்றைத் தனியாக எறிந்தார். எடுத்ததை எல்லாம் துடைத்து, புது லேபிளை முன்பக்கத்து வெற்றிடத்தில் ஒட்டி அடுக்கினார்கள். மத்தியானத்துக்குமேல் கம்சீன் ஓய்ந்து கடல் காற்று வந்தது. வாய்க்குள் மண் விழுவது நின்றது. அதற்கே அழலாம்போல இருந்தது எனக்கு.

பாங்கு நேரத்துக்குச் சற்று முன்னால் கடைசிப் பெட்டியும் முடிந்தது. சப்ரியாவின் மகள் வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கிக் கிளறிய சோறும் வறுத்த மீனும் துணியில் கட்டிக் கொண்டுவந்தாள். நோன்பு திறக்கிற நேரத்துப் பீரங்கி முழங்கியதும் பசைச் சட்டி இருந்த அதே பாயில் எல்லோரும் உட்கார்ந்து பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். டாக்டர் ஷாஹிராவும்தான். மீன் முள்ளை அவர் எடுத்த சுத்தத்தைப் பார்த்துத் தவ்ஹீதாவுக்கே மரியாதை வந்துவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் அவர் ஒரு பாக்கெட்டை எடுத்தார். "மாதிரி எடுக்கணும். சாராயம் இல்லைன்னு ஆய்வுக்கூடம் சொன்னாத்தான் வெளிய போகும்" என்று சொல்லியபடியே வாயைக் கிழித்தார்.

அந்த மணத்தை நான் எப்படிச் சொல்வேன்? மீன், வேர்வை, ஈரச் சாக்கு, டீசல் எல்லாம் நிறைந்த கொட்டகை அது. அத்தனையையும் விலக்கிவிட்டு அது வந்து நின்றது. சப்ரியா கண்ணை மூடினாள். தவ்ஹீதா அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். டாக்டர் ஷாஹிரா மாதிரி எடுக்கிற குப்பியை நிரப்ப மறந்து, அந்த ஒரு கணம் சின்னப் பெண்ணாகிவிட்டார்.

ஃபிக்ரி பாக்கெட்டைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவசரப்படாமல், டப்பாவைத் திறந்து மோந்து பார்க்கிற அதே நிதானத்தோடு பார்த்தான்.

"நல்ல சரக்கு" என்றான்.

பிறகு இன்ஷிராஹ் பக்கம் திரும்பி, "எப்படி இருக்கு? சொல்லேன்" என்று கேட்டான். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். முக்காட்டால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதில் என்னவோ சொன்னாள். அவன் முகம் சிவந்தது. அறுபதை நெருங்குகிற மனுஷன் முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கேட்க எனக்கு ஆசைதான். கேட்கவில்லை.

ஆய்வுக்கூடம் சாராயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. கடைசிப் பத்து தொடங்குவதற்குள் சரக்கு வெளியே வந்துவிட்டது.

கடை திறந்த மறுநாள் என் மனைவி விரட்டியதால் நானும் போனேன். உள்ளே நுழைய இடம் இல்லை. ஃபிக்ரி முகமூடி இல்லாமல் நின்று பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் பின்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் கொடுத்தான். மீன்கார உம்மு ஷஹ்தா ஒன்றை வாங்கித் திருப்பினாள். திரும்ப வாங்க ஃபிக்ரி கையை நீட்டினான்.

"அடேயப்பா. கஹ்க் கூட, நோன்பு திறக்கறப்பக் குடிக்கற செம்பருத்திச் சாறும் போட்டிருக்கானே" என்றாள் அவள். "கிரேக்கனுக்கும் நம்ம நோன்பு தெரிஞ்சிருக்கு பாரேன்."

ஃபிக்ரி என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். உள்பக்கத் திரைக்குப் பின்னால் இன்ஷிராஹ் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த சத்தம் நின்று, ஒரு அடக்கிய சிரிப்புக் கேட்டது.

உம்மு ஷஹ்தா விடவில்லை. அவன் மூக்கு விஷயம் இதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்துப் பழக்கம் போகுமா? வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"வாசனை நல்லா இருக்கும்ல ஃபிக்ரி?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற ஒருத்தி அவள் முதுகில் கிள்ளினாள். ஃபிக்ரி தலை குனியவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான்.

"என் மூக்கு செத்துப்போச்சு உம்மு ஷஹ்தா. உனக்குத்தான் தெரியுமே" என்றான். "ஆனா உம்மு நாஹித் மோந்து பாத்துட்டா. கல்யாணத்துக்கு மறுநாள் என் சட்டையில அடிச்சுதே, அதே வாசனையாம். நான் மறந்துட்டேன், அவ மறக்கல."

பெண்கள் போட்ட சிரிப்பில் அலமாரி டப்பாக்கள் அதிர்ந்தன. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டி பறந்து வந்து ஃபிக்ரியின் தோளில் பட்டு விழுந்தது.

"வாயை மூடுங்க, நோன்பு நேரத்துல" என்றது இன்ஷிராஹின் குரல்.

அவன் பெட்டியைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்தான். "அடுத்து யாரும்மா?" என்றான்.